விலக்குப் பெற்றவர்களின் நோன்பு

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பில் 1252 என்று ஒரு விதி இருக்கிறது. இரண்டாம் ஜான் பால் போப்பாக இருந்தபோது, 1983-இல் வெளிவந்த தொகுப்பு அது. யார் எந்த வயதில் நோன்பிருக்க வேண்டும் என்பதை அந்த விதி சொல்கிறது. இறைச்சியை விலக்கும் கடமை 14 வயது முடிந்தவர்களுக்கு. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் அரை வயிறு என்னும் ஒருசந்தி 18 முடிந்தவர்களுக்கு. 60-ஆம் வயது தொடங்கிவிட்டால் அவர்களுக்கும் விடுதலை. அந்த ஒருசந்தியும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று வருடத்தில் இரண்டே நாள்கள்தான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிக்குள் நுழையுங்கள். ஆறாம் வகுப்புப் பையனுக்கு வயது 11. பிளஸ் டூ மாணவிக்கு 17. சீருடை அணிந்த கூட்டத்தில் அநேகமாக ஒருவருக்குக்கூட ஒருசந்திக் கடமை கிடையாது. அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு இங்கே ஓய்வு வயது 60. ஆக, திருச்சபை நோன்பு விதித்திருக்கும் வயதும் ஓர் ஆசிரியரின் பணிக்காலமும் கிட்டத்தட்டப் பொருந்துகின்றன. நோன்புக்குக் கட்டுப்பட்ட கத்தோலிக்கர்கள் அத்தனை பேரும் ஆசிரியர் அறையிலும், அலுவலகத்திலும், தாளாளர் அறையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் 'இந்தத் தவக்காலத்தில் நான் எதை விடப்போகிறேன்?' என்ற அட்டை வகுப்பறையில்தான் விநியோகிக்கப்படுகிறது. கடமை இல்லாதவர்கள் விடுகிறார்கள். கடமை உள்ளவர்கள் விடச் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்வதற்கு இருப்பது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் விளைவுகள்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சுருக்கம். முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலை நெற்றியில் பூசித் தவக்காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை 46 நாள். ஞாயிறுகளைக் கழித்தால் 40. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகள் கோவிலுக்குப் போய் 14 நிலைகளிலும் முட்டிபோட்டு எழுந்து சிலுவைப்பாதை செய்வார்கள். மற்ற பிள்ளைகளுக்கு வகுப்பில் 'படிப்பு நேரம்', அதாவது சத்தமில்லாமல் அரட்டை. (அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவின்படி உதவிபெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும், பெற்றோர் சம்மதமில்லாமல், வழிபாட்டில் உட்கார வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அரட்டைக்கு அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மகிழ்வார்கள்.) வகுப்பறைச் சுவரில் ஒரு சார்ட். அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒறுத்தல் முயற்சி: சாக்லேட், ஐஸ்கிரீம், சீரியல், செல்போன் விளையாட்டு, 'கெட்ட வார்த்தை'. சரியாகக் கடைப்பிடித்த நாளுக்கு ஒரு நட்சத்திரம். மேசைமேல் தவக்கால உண்டியல்.

சாம்பல் புதன் திருப்பலியில் வாசிக்கும் நற்செய்திப் பகுதி மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. தர்மம் செய்தால் ஊருக்குத் தெரிய வேண்டாம், நோன்பிருந்தால் முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளாமல் கழுவிக்கொண்டு போ என்பது அதன் சாரம். இதை வாசித்து முடித்த கையோடு நெற்றியில் சாம்பல் பூசப்படுகிறது. அது மரபு, ஆயிரம் வருடப் பழக்கம், போகட்டும். ஆனால் மறுநாளே சுவரில் சார்ட் ஏறுகிறதே? யார் சாக்லேட் தின்றான், யார் தின்னவில்லை என்பது நாற்பது பேருக்கு முன்னால் நட்சத்திரமாக ஒட்டப்படுகிறதே? மறைக்கச் சொன்னதைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நாத்திகன் வந்து வேதம் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

நாத்திகன் என்றதும் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு நோன்பு என்றாலே கை துறுதுறுக்கும். கிரகணத்தன்று சாப்பிடக் கூடாது என்று ஊர் சொன்னால், திராவிடர் கழகத்தார் மேடை போட்டுச் சிற்றுண்டி தின்று காட்டுவார்கள். அது சரியான பதிலடி. ஏனென்றால் அங்கே சொல்லப்படுவது உடலைப் பற்றிய ஒரு கூற்று: 'இந்த நேரத்தில் தின்றால் கெடுதல் வரும்'. தின்று காட்டி, கெடுதல் வராததைக் காட்டினால் கூற்று பொய்த்துப்போகிறது. தவக்காலத்தை அப்படிப் பொய்ப்பிக்க முடியாது. வெள்ளிக்கிழமை பிரியாணி தின்றால் வயிறு வலிக்கும் என்று எந்தப் பங்குச்சாமியும் சொல்வதில்லை. சின்ன ஆசை ஒன்றை அடக்கிப் பழகினால் மனிதன் பிறருக்காகப் பெரிதாக விட்டுக்கொடுப்பான் என்பதே அங்கே சொல்லப்படுவது. பிரியாணிப் பொட்டலத்தோடு கோவில் வாசலில் நிற்பது இதற்குப் பதிலாகாது, அநாகரிகம்தான் மிஞ்சும். ஆனால் இதுவும் சோதிக்கக்கூடிய கூற்றே. விட்டுக்கொடுக்கப் பழகியவர்கள் பெரியவர்களானதும், பதவியில் உட்கார்ந்ததும், விட்டுக்கொடுக்கிறார்களா? சோதனைக்கூடம் வெளியே தேட வேண்டியதில்லை. சிறுவயதிலிருந்து தவக்காலம் கடைப்பிடித்து வந்த சாமியார்களும் சிஸ்டர்களும் நடத்தும் பள்ளி நிர்வாகமே அந்தச் சோதனைக்கூடம்.

அங்கே போவதற்கு முன், பிள்ளைகளின் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு மார்ச் மாதம். தவக்காலமும் பெரும்பாலும் அதே மாதம். இந்தச் சேர்க்கையில் ஒரு புதுச் சரக்கு பிறக்கிறது: மார்க்குக்காக ஒருசந்தி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து, மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கணக்குத் தேர்வு எழுதப் போகும் பெண்பிள்ளைகளை இந்தப் பள்ளிகளைச் சுற்றி வாழ்கிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதில் மத வேறுபாடு கிடையாது. இந்துப் பெண்ணும் தோழியோடு சேர்ந்து இருப்பாள், அவளுக்கு ஏற்கெனவே வீட்டில் செவ்வாய், வெள்ளி விரதம் பழக்கம். பையன்கள் இதில் குறைவு. வயிற்றைக் காயப்போட்டுக் குடும்பத்துக்கு வரம் வாங்கும் வேலை எல்லா மதத்திலும் பெண்ணுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கான பயிற்சி பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே என்று அவளுக்குச் சொல்ல வேண்டிய இடம் பள்ளி. விதி அவளைக் கட்டுப்படுத்தவில்லை என்பதையும் அங்கேதான் சொல்ல வேண்டும். மதிய உணவு முட்டையை வெள்ளிக்கிழமை ஒதுக்கிவைக்கும் பிள்ளைகளும் உண்டு. முட்டையை விலக்கச் சொல்லி விதியே இல்லை. முட்டையும் பால் பொருள்களும் தடையில் வராது என்று ஆறாம் பவுல் 1966-இல் வெளியிட்ட நோன்பு ஆணையே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆணை வந்து 60 வருடமாகிறது. ஞானோபதேச வகுப்பில் அதைச் சொல்ல இன்னும் பீரியட் கிடைக்கவில்லை போலும்.

இதே மண்ணில் 1920-இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்தது. 1956-இல் காமராஜர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு. 2022-இல் காலை உணவுத் திட்டம் வந்து, 2024-இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், அதாவது பல கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கும், போய்ச் சேர்ந்தது. பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று புரிந்துகொள்ள இந்த மாநிலம் நூறு வருடம் செலவழித்திருக்கிறது. அந்தச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கும் பிள்ளையிடம் பசியின் மகிமையைப் பேசுகிறவர் கொஞ்சம் கூச்சத்தோடு பேசுவது நல்லது.

பசியிலும் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்கத் தவறுவதில்லை. 2025-இல் ரமலான் மார்ச் 2 அன்று தொடங்கியது. சாம்பல் புதன் மார்ச் 5. ஒரே பெஞ்சில் ஒருவன் விடியலிலிருந்து எச்சில் விழுங்கவே யோசிக்கிறான். பக்கத்தில் இருப்பவன் டெய்ரி மில்க்கை விட்டிருக்கிறான். 'உன்னோடதெல்லாம் நோன்பாடா?' என்று கேட்டால் இவனிடம் பதில் கிடையாது. இஸ்லாத்திலும் பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை என்பதை இருவருக்கும் யாராவது சொல்லலாம். பெரியவர்களுக்கென்று விதிக்கப்பட்டதைச் சிறுவர்கள் போட்டி போட்டுச் செய்கிறார்கள். பெரியவர்கள் அதைப் பார்த்துப் பூரித்துப்போகிறார்கள்.

இறைச்சி விவகாரம் இன்னும் வேடிக்கை. மீன் இறைச்சிக் கணக்கில் வராது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் 2010-இல் முதலைக்கறியும் மீன் இனம்தான் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். 1962-இல் சின்சினாட்டியில் கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதியில் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்தியவர், வெள்ளிக்கிழமை வியாபாரம் படுத்துவிட்டதால் மீன் பர்கரைக் கண்டுபிடித்தார். இன்று உலகமெங்கும் விற்கும் ஃபிலே-ஓ-ஃபிஷ் பிறந்தது இப்படித்தான். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தூத்துக்குடியில் கோழியைவிட வஞ்சிரம் விலை அதிகம். வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டுத் தவம் செய்கிறவரும் உண்டு. காசில்லாமல் வாரம் முழுக்க ரசம் சாதம் சாப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்கென்று தனியாக எதையும் விட வழியில்லாதவரும் அதே பங்கில் உண்டு.

சிரித்துவிட்டு நகர முடியாத பகுதி ஒன்று இதில் இருக்கிறது. ரோமில் ஒருவன் வெள்ளிக்கிழமை கறியை விட்டால் அவன் ஒரு ருசியை விடுகிறான், அவ்வளவுதான். இந்தியாவில் கறி தின்பதும் தின்னாததும் சாதி ஏணியின் படிகள். எந்தக் கறி என்பதற்குத் தனிப் படி. இறைச்சி விலக்கிய சாப்பாட்டைச் 'சுத்தபோசனம்' என்றே நம் கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வாங்கும் வீட்டிலிருந்து வரும் தலித் கத்தோலிக்கப் பிள்ளை, 'கறியை விட்டால் பரிசுத்தம்' என்பதை எந்தக் காதில் கேட்கும்? பக்கத்துத் தெரு ஏற்கெனவே அந்தப் பிள்ளையின் அடுப்பைப் பற்றிச் சொல்வதோடு சேர்த்துத்தானே கேட்கும்? கறியை ஒறுத்தலாக்கும் எந்த ஆசிரியரும் இந்த மண்ணில் இதை யோசித்தாக வேண்டும். ஒரு மாற்று யோசனை: தவக்கால வெள்ளிக்கிழமைகளில், இதுவரை ஒரு நாளும் சாப்பிட்டிராத வீட்டில் போய் அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுவது. சிலருக்கு நாற்பது நாள் பட்டினியைவிட இது கடினம்.

சாதிக்கும் தவக்காலத்துக்கும் தமிழ்நாட்டில் ஒரு வரலாறே உண்டு. 2008-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 6. அந்தத் தவக்காலத்தின் நடுவே, அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், பாகுபாட்டைப் பொறுக்க முடியாத தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று, அதாவது தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று, மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். உண்ணாமல் இருந்தவர்களும் கத்தோலிக்கர்கள். அவர்களை எதிர்த்தவர்களும் கத்தோலிக்கர்கள். இரு தரப்புக்கும் அந்த வருடம் சாம்பல் பூசப்பட்டிருந்தது. தவக்கால நோன்பு பற்றிப் பள்ளியில் பாடம் எடுப்பவர்கள் எறையூரைச் சேர்த்து எடுப்பார்களா? தனக்குள்ளேயே முடிந்துபோகிற பட்டினிக்கு நட்சத்திரம் ஒட்டுவது எளிது. மேலே இருப்பவரைப் பார்த்துக் கேள்வி கேட்கிற பட்டினிக்குச் சார்ட்டில் இடமிருக்காது.

இனி நிர்வாகத்துக்கு வருவோம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தைச் சுற்றுவட்டார ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது அதன் 12-ஆம் பிரிவு. 2012-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் நடத்தும் சுயநிதிப் பள்ளிகளை அதிலிருந்து விலக்கியது. 2014-இல் பிரமதி வழக்கில், உதவிபெறுவது பெறாதது எல்லாவற்றையும் சேர்த்து, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆக, ஒரு கத்தோலிக்கச் சபை நடத்தும் மெட்ரிக் பள்ளிக்கோ சி.பி.எஸ்.இ. பள்ளிக்கோ அந்த 25 சதவீதக் கடமை இல்லை. விலக்கு.

பதினோரு வயதுப் பையனுக்கும் விலக்குத்தான். 1252-ஆம் விதி அவனை விட்டுவிட்டது. இருந்தும் அவன் ஐஸ்கிரீமை விட்டான். 'எனக்கு விலக்கு இருக்கிறதே சிஸ்டர்' என்று அவன் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் முட்டிபோட வைத்திருப்பார்கள். சட்டம் விலக்களித்தும் தானாக விடுவதுதான் தவம் என்றால், அந்தத் தவம் நிர்வாகத்துக்கு எந்த வடிவில் வரும் என்று கேட்பது குதர்க்கமா?

சிறுபான்மை உரிமை பறிபோகும் என்ற அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு இல்லாவிட்டால் இன்றைய அரசியல் காற்றில் இந்தப் பள்ளிகளின் கதி என்னவாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரிவை நானும் ஆதரிக்கிறேன். நீதிமன்றத்தில் அந்த உரிமைக்காகக் கடைசிவரை வாதாடட்டும். ஆனால் நோன்பிருப்பவன் சாப்பிடும் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. உரிமை கையில் இருக்கும்போதே பயன்படுத்தாமல் இருக்கிறான். அரசு உத்தரவிட்டு 25 சதவீதம் கொடுத்தால் அது வரி. உத்தரவு இல்லாமல், அரசிடமிருந்து கட்டணம் திரும்பி வராது என்று தெரிந்தே கொடுத்தால் அதற்குத்தான் நீங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் 'ஒறுத்தல்' என்ற பெயர் பொருந்தும்.

பல ஊர்களில் ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று அரசு சம்பளம் தரும் தமிழ்வழிப் பிரிவு. மற்றொன்று கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு. முதலாவதில் சத்துணவு, இரண்டாவதில் டிபன் பாக்ஸ். காலையில் இருவருக்கும் ஒரே மைக்கில் ஒரே தவக்காலப் பிரசங்கம். ஆசிரியர்களிலும் அதே பிளவு. உதவிபெறும் பிரிவின் ஆசிரியை வாங்கும் சம்பளத்தில் ஒரு சிறு பங்குக்குச் சுயநிதிப் பிரிவின் மிஸ் அதே பாடத்தை, அதே மணியடிப்புக்கு நடத்துகிறார். கட்டணம் கட்டாத பிள்ளையைத் தேர்வு நேரத்தில் எழுப்பி நிற்க வைக்கும் வழக்கம் எல்லா வகைத் தனியார் பள்ளிகளிலும் உண்டு. கத்தோலிக்கப் பள்ளிகள் அனைத்தும் அதற்கு விதிவிலக்கு என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். பிரம்பு இன்னொன்று. தமிழ்நாடு அரசு 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல்தண்டனையைத் தடைசெய்துவிட்டது. இருந்தும் அடி நின்றுவிட்டதா என்பதைப் பிள்ளைகளிடம் கேளுங்கள், நிர்வாகத்திடம் கேட்காதீர்கள். ஆணிகளும் சாட்டையும் நிறைந்த 14 நிலைகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து தியானித்துவிட்டு வந்து பிரம்பை எடுக்கும் கை எனக்குப் புரியவில்லை.

இதை எல்லாம், பல வருடம் தாளாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பாதிரியாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பழகுவதற்கு இனிமையானவர், என் நாத்திகத்தை ஒரு நாள்பட்ட நோய் மாதிரிப் பாவித்து நலம் விசாரிப்பவர்.

"சார், கணக்கு தெரியாமப் பேசுறீங்க" என்றார். "உதவிபெறுற பிரிவுக்கு அரசு சம்பளம் மட்டும்தான் முழுசாத் தருது. மழைக்கு முன்னாடி ஓடு மாத்துறது யாரு? கக்கூஸ் கட்டுறது யாரு? அந்த இங்கிலீஷ் மீடியம் பீஸ்லதான் தமிழ் மீடியம் பிள்ளைங்க உட்கார்ற பெஞ்சு வருது."

"இருக்கலாம் ஃபாதர். அப்படின்னா அந்தக் கணக்கைத் தவக்காலத்துல நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்களேன்? பையன் சாக்லேட் தின்னானா இல்லையான்னு சார்ட் தொங்குதே, அதுக்குப் பக்கத்துலயே."

அவர் சிரித்தார். "அது எங்க தலைமை இல்லம் முடிவு பண்ணணும் சார். நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?"

அந்தச் சிரிப்பில் சூழ்ச்சி எதுவும் இல்லை. அவரால் முடியாது என்பது உண்மைதான். தாளாளர் மேலே மறைமாவட்டத்தைக் கை காட்டுவார், சபைத் தலைமை ரோமைக் கை காட்டும். விடுவதற்கான பொறுப்பு மேலே போகப் போகக் கரைந்து, கடைசியில் யாருடையதாகவும் இல்லாமல் போகிறது. கீழே வரும்போது மட்டும் அது கெட்டியாகி ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவின் சுவரில் பெயர் பெயராகத் தொங்குகிறது.

தவக்காலத்தைப் பெரியவர்கள் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்ட காலமும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 1958-இல் ஜெர்மனியில் கொலோன் பேராயர் கர்தினால் ஃபிரிங்ஸ் முயற்சியில் மிசெரெயோர் என்ற அமைப்பு பிறந்தது. போரில் நொறுங்கிய நாடு தலைதூக்கிய சில வருடங்களுக்குள், கத்தோலிக்கப் பெரியவர்கள் தவக்காலத்தில் தங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கடல்கடந்த ஏழை நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இந்தியாவுக்கும் அந்தப் பணம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1975-இல் பென்சில்வேனியாவின் அலென்டவுன் மறைமாவட்டத்தில் 'ரைஸ் பௌல்' என்ற அட்டைப்பெட்டி தொடங்கி, இன்று அந்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளி மேசைகளில் தவறாமல் இருக்கிறது. சேர்வதில் 75 சதவீதம் வெளிநாட்டு உதவிக்கு, 25 சதவீதம் உள்ளூர் மறைமாவட்டத்து ஏழைகளுக்கு. கணக்கை அவர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அந்த அளவில் மரியாதை. ஆனால் பெட்டி வீட்டிலிருந்து பள்ளி மேசைக்கு வந்ததும் அதன் சுபாவம் மாறுகிறது. நம் ஊர் உண்டியலிலும் இதைப் பார்க்கலாம். அதிகம் சேர்த்த வகுப்புக்கு அசெம்பிளியில் கைதட்டல். 'ஏ' பிரிவில் டாக்டர் பிள்ளை, 'டி' பிரிவில் கொத்தனார் பிள்ளை. கைதட்டல் எந்தப் பிரிவுக்குப் போகும் என்பதை உண்டியலைத் திறக்காமலே சொல்லலாம். பிள்ளைக்கு ஏது சொந்தப் பணம்? அப்பாவின் சட்டைப்பையில் இருந்து பத்து ரூபாய் மேசைக்கு வருகிறது. கொத்தனார் அப்பா இன்னொரு பத்து ரூபாய்க்கு யோசிக்கிறார். நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு என்று மட்டும் அசெம்பிளியில் யாரும் அறிவிப்பதில்லை.

1252-ஆம் விதியின் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. வயது வராத பிள்ளைகளுக்கும் தவத்தின் உண்மையான பொருளைக் கற்றுத்தர வேண்டும் என்று அது பெற்றோரையும் மேய்ப்பர்களையும் கேட்டுக்கொள்கிறது. கற்றுத்தருவதற்குப் பள்ளி இருப்பது நல்லதுதான். ஏனென்றால் பிள்ளை அங்கே தினமும் எட்டு மணிநேரம் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கட்டணப் பாக்கியை யாரிடம் எப்படிக் கேட்கிறார்கள், காவலாளியை எப்படி அழைக்கிறார்கள், 'அந்தக் காலனிப் பையன்' என்று யாரைச் சொல்கிறார்கள், யாருக்குச் சேர்க்கை கிடைத்தது, யார் திரும்பிப் போனார்கள் எல்லாம் அதற்குத் தெரியும். பாடம் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்தப் பள்ளிகள்தான் தமிழ்நாட்டில் பலருடைய குடும்பத்தில் முதல் பட்டதாரியை உருவாக்கின. மற்றவர்கள் கதவைச் சாத்தியபோது திறந்துவிட்டவர்கள் என்ற பெருமை அவர்களுக்கு நியாயமாகவே உண்டு. பல சபைகள் இன்றும் ஓசைப்படாமல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. அதனால்தான் இவர்களிடம் இதைக் கேட்கிறேன். லாபத்துக்காகவே நடக்கும் பள்ளியிடம் போய் நாற்பது நாள் எதையாவது விடு என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் புத்தி பிசகிவிடவில்லை.

வேண்டுவது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தவக்காலத்தில் பிள்ளைகளின் சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதே ஆணியில் நிர்வாகத்தின் அட்டையை மாட்டட்டும். சட்டம் விலக்கிய 25 சதவீதத்தில், முடிந்தால் பத்து சதவீதமாவது, ஆங்கிலவழிப் பிரிவில் சுற்றுவட்டார ஏழைப் பிள்ளைகளுக்கு. சுயநிதிப் பிரிவு மிஸ்ஸின் சம்பளச் சீட்டில் ஒரு மாற்றம். பீரோவில் பூட்டி, சாவியை மாணவர் தலைவியிடம் கொடுத்துவிட்ட பிரம்பு. கடைப்பிடித்த நாளுக்கு நட்சத்திரம் ஒட்டும் வேலையை ஆறாம் வகுப்பிடம் விட்டுவிடலாம். அவர்கள் கறாரானவர்கள், கை நீட்டி நட்சத்திரத்தைப் பிய்த்தெடுக்கவும் தயங்க மாட்டார்கள்.

2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10-ஆம் தேதி வருகிறது. எல்.கே.ஜி. விண்ணப்பப் படிவம் பல ஊர்களில் அதற்கு முன்பே கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எனவே நிர்வாகக் குழு டிசம்பருக்குள் கூடியாக வேண்டும். கிறிஸ்துமஸ் கேக் வெட்டக் கூடும் அன்றேகூட வைத்துக்கொள்ளலாம்.